கழுத்தில் உட்கார்ந்தவன்

தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் சுரங்கம் மூடி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பழைய ஷாப்ட் வளாகத்துக்குள் ஒரு லாரி பின்பக்கமாக வந்து நின்றது. கேட்டைத் திறந்துவிட்டவர் ஏசுபாதம். அதே வளாகத்தில் இருபத்துநான்கு வருடம் பேங்க்ஸ்மேனாக இருந்தவர். சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டான கேஜில் ஏறும் ஆட்களைத் தலை எண்ணி, கம்பிக்கதவைச் சாத்தி, மணியடித்துக் கீழே அனுப்புவது அவர் வேலையாக இருந்தது. கீழே போன தலையும் மேலே வந்த தலையும் ஒத்துப்போகாமல் அவர் கையில் ஒரு ஷிப்ட் முடிந்ததில்லை.

இப்போது கேஜ் இல்லை. ஸ்ரீநிவாஸ் என்ற பெங்களூர்க்காரர் அந்த இடத்தைப் பிடித்து, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு யானைச் சவாரி விடப்போகிறார். தங்கம் பிரித்தெடுத்து மிஞ்சிய சயனைட் மணல் மேட்டை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். கேட்டில் நின்று ஆள் எண்ணி ஏற்றும் வேலை ஏசுபாதத்துக்கு.

லாரியின் பின்பலகையைச் சாய்த்ததும் யானை பின்னங்காலை முதலில் வைத்து, நிதானமாக இறங்கியது. பெண் யானை. நெற்றியில் கட்டியிருந்த சிவப்புத் துணியில் 'கோல்டி' என்று ஜரிகையில் எழுதியிருந்தது. தங்கவயல் என்பதால் ஸ்ரீநிவாஸ் வைத்த பேர்.

தரை மிதித்ததும் அது வலது முன்னங்காலைப் பின்பக்கமாக மடக்கித் தூக்கிப் பிடித்தது, பாகன் மிதித்து ஏறுவதற்குப் படி வைப்பதைப் போல. ஆனால் பாகன் கோவிந்தன் லாரிக்கு அந்தப் பக்கம் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. பிறகு அதன் கழுத்து லேசாகத் தாழ்ந்தது. காலை இறக்கியது.

"இன்னா கோவிந்தா, யாருக்குப்பா இது சலாம் போடுது?" என்றார் ஏசுபாதம்.

கோவிந்தன் திரும்பிப் பார்க்கவில்லை. "பழக்கம்ணா. வேற ஒண்ணும் இல்ல."

மறுநாள் சவாரி ஆரம்பித்தது. முதலில் வந்தது பேக்டரி குவார்ட்டர்ஸில் இருக்கும் ஒரு குடும்பம். முதுகில் கட்டிய பெட்டியில் பக்கத்துக்கு இரண்டு பேராக நான்கு பேர். கோவிந்தன் கழுத்தில் ஏறவில்லை. அங்குசத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு யானைக்கு முன்னால் நடந்தான்.

ஏசுபாதம் ஒருமுறை கண்ணை ஓட்டினார். அவருக்கு விரல் விட்டு எண்ணும் பழக்கம் இல்லை. பார்த்தால் எண்ணிக்கை தானாக விழும்.

ஐந்து.

திரும்பப் பார்த்தார். அப்பா, அம்மா, இரண்டு பெண்கள். நான்கு. கேஜாக இருந்தால் மணியைத் தொட்டிருக்க மாட்டார். இது யானைதானே என்று கேட்டைத் திறந்தார். சுற்றி முடித்து வந்தபோதும் முதல் பார்வையில் ஐந்துதான் விழுந்தது.

வீட்டில் சொன்னபோது மனைவி மரியகுழந்தை சிரித்தாள். "கண்ணாடிய மாத்துங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? கொஞ்ச நாள் போனா யானையே தெரியாது உங்களுக்கு."

அவரும் சிரித்தார். ஆனால் புதன்கிழமைக்குள் பதினேழு சவாரி போயிருந்தது. பதினேழிலும் ஒரு தலை கூடுதல்.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு, பழைய முதல் ஷிப்ட் நேரத்துக்கு, விழிப்பு வந்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு வளாகத்துக்குப் போனார். மார்கழிப் பனி இறங்கி மணல்மேடு தெரியவில்லை. யானையைக் கட்டியிருந்த, முன்பு கேஜை இழுத்த வைண்டிங் என்ஜின் கொட்டகையிலிருந்து சங்கிலி உரசும் சத்தம் வந்தது. நின்று நின்று, ஒரே அளவாக.

கதவிடுக்கில் பார்த்தார்.

யானை தனியாக இருந்தது. அதன் வலது காது பின்னாலிருந்து முன்பக்கமாகத் தள்ளப்பட்டது. ஈ ஓட்டும் அசைவல்ல அது. உள்ளிருந்து கால் விரல் ஒன்று அழுத்துவதைப் போல அந்த இடம் மட்டும் புடைத்தது. யானை இடப்பக்கம் திரும்பியது. அடுத்து இடது காது. வலப்பக்கம் திரும்பியது. இரண்டு காதும் சேர்ந்து அழுந்தின. முன்னங்கால்களை மடித்து மண்டியிட்டது. எழுந்தது. மறுபடி மண்டியிட்டது.

நாக்கைச் சொடுக்கும் ஒலி கேட்டது.

கொட்டகையில் வேறு யாரும் இல்லை.

கோவிந்தன் வெளியே, சுவர் ஓரமாக, காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு குந்தியிருந்தான். அவரைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"பாத்துட்டீங்களாண்ணா? தெனமும் விடியற வரைக்கும் இதேதான். நான் உள்ள படுக்கறதில்ல."

"யாருப்பா அது?"

"பெரிய பாகன். நான் அவருக்குக் காவடியா இருந்தேன், எடுபிடி. இதே யானைதான், அப்போ வேற ஊரு, வேற பேரு. பதினோரு வருசம் அவர் கழுத்துல உக்காந்து ஓட்டினாரு. கல்யாணம், கட்சி ஊர்வலம், டூரிஸ்ட்டு எல்லாம். ஒரு நாளு ரிசார்ட்டுல ஆறு சவாரி முடிஞ்சிது, ஏழாவதுக்கு மண்டி போடுன்னாரு. போட்டுது. அவர் மேலயே போட்டுது."

"செத்துட்டாரா?"

"செத்தாருண்ணா. எறங்கலதான்." கோவிந்தன் குரலைத் தாழ்த்தினான். "அவர் பேரச் சொல்லிடாதீங்கன்னு உங்களுக்குச் சொல்லவே வேணாம், உங்களுக்குத் தெரியாது. சொன்னா அது நின்ன எடத்துல ஒண்ணுக்குப் போயிரும்."

பனி விலகிய பிறகு அவன் யானையின் காதுக்குப் பின்னால் தொங்கிய ஜரிகைத் துணியைத் தூக்கிக் காட்டினான். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். சிவந்து, ஈரமாக, ஓரங்கள் தடித்திருந்தன.

"மருந்து போடலியா?"

"போட்டா ஆறிடும்ணா. ஆறிட்டா நம்ம பேச்சு கேக்காது. இதுல அங்குசம் நுனி பட்டாப் போதும், குட்டி மாதிரி நடக்கும். அவரு ஆரம்பிச்சது. நானும் ஆற வுடல." அவன் துணியை இறக்கி நேராக்கினான்.

சீழும் வேப்பெண்ணெயும் கலந்த வாடை. அதற்கு மேல் ஈரப் புகையிலை வாசனை. கோவிந்தனுக்குப் புகையிலைப் பழக்கம் இல்லை.

அன்று மதியமே ஏசுபாதம் ஸ்ரீநிவாஸிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஏன்ரீ ஏசுபாதம், யானை மேல பேயா? அப்போ அவருக்கும் ஒரு டிக்கெட் போடுங்க." புண்ணைப் பற்றியும் செத்த பாகனைப் பற்றியும் சொன்னபோதுதான் ஸ்ரீநிவாஸின் சிரிப்பு நின்றது. "அது வேற ஸ்டேட், வேற பேரு. இங்க இது கோல்டி. ஞாயித்துக்கெழம உங்க சர்ச் பசங்க வர்றாங்க. அவங்க கிட்டப் போயி இதெல்லாம் பேசாதீங்க."

"வுட்டுட்டு வந்துருங்க," என்றாள் மரியகுழந்தை. "இந்த வேல நமக்கு வேணாம்."

"நான் வந்துட்டா எவனாச்சும் எண்ணாம ஏத்துவான். நான் அங்க நின்னா பாத்துக்குவேன்."

அது பொய் என்று சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது. ஒன்பது மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்த பிறகு, மறுபடி ஒரு கதவின் பக்கத்தில் நிற்கக் கிடைத்திருக்கிறது. ஏறட்டுமா என்று மனிதர்கள் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். அதை விட்டுவர அவருக்கு மனம் வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து பிள்ளைகள் பதினொரு மணிக்கு வந்தார்கள். முதல் நான்கு பேரில் ஒருத்தி பக்கத்து வீட்டு கரோலின். எட்டு வயது. வெள்ளை கவுன். அடம் பிடித்துப் பெட்டியின் முன்பக்கம் உட்கார்ந்தாள்.

"அங்கிள், முன்னாடி மறைக்குது."

"இன்னாம்மா மறைக்குது?"

அவள் யானையின் கழுத்தைப் பார்த்தாள். பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "தெரியல. ரோடு தெரியல."

ஏசுபாதம் எண்ணினார்.

ஐந்து.

மற்ற பிள்ளைகள் வரிசையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீநிவாஸ் காரில் சாய்ந்தபடி கையை அசைத்தார். ஏசுபாதம் கேட்டைத் திறந்தார். கேட்டை அப்படியே விட்டுவிட்டு யானைக்குப் பின்னால் நடந்தார்.

மேட்டின் திருப்பத்தில் இடிந்த மில் கட்டடத்தின் செங்கல் சுவர் ஒன்று நின்றது. அங்கே காற்று எழும்பி மணலை வீசியடித்தது. யானை நின்றுவிட்டது.

கோவிந்தன் ஜரிகைத் துணிக்குள் அங்குசத்தை விட்டு அழுத்தினான்.

யானை பிளிறவில்லை. அங்குசத்தையும் அவனையும் துதிக்கையால் ஒதுக்கித் தள்ளியது. விழுந்தவன் எழுந்து ஓடினான். யானை சுவர்ப்பக்கம் போய், கழுத்தின் மேற்பக்கத்தைச் செங்கல்லில் வைத்துத் தேய்த்தது.

அழுத்தி அழுத்தித் தேய்த்தது, ஒட்டிக்கொண்ட எதையோ சுரண்டி எடுப்பதைப் போல. தோல் கிழிந்து செங்கல்லில் ரத்தம் வழிந்தது. பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. பிள்ளைகள் அலறினார்கள்.

ஒட்டியிருந்தது போகவில்லை.

யானையின் காதுகள் இரண்டும் பின்னாலிருந்து அழுந்திக்கொண்டேயிருந்தன.

யானை நான்கு அடி பின்வாங்கித் தலையைத் தாழ்த்தியது. அடுத்து அது சுவரில் மோதும், பெட்டி நடுவில் சிக்கும் என்று ஏசுபாதத்துக்குத் தெரிந்தது. ஓடிப்போய் யானைக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார். சொல்ல அவருக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. மேலே வந்த கேஜைத் திறந்து ஆயிரம் முறை சொன்னதுதான் வாயில் வந்தது.

"எறங்குப்பா. ஷிப்ட் முடிஞ்சிது. எறங்கு."

காதுகள் அசைவற்று நின்றன.

யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இறங்கி எங்கே போவது என்று அந்த மௌனம் கேட்பதாக அவருக்குப் பட்டது. யோசிக்க நேரமில்லை. தன் தோளைத் தட்டிக் காட்டினார்.

"அத வுட்டுடு. இங்க வா."

யானை வலது முன்னங்காலை மடக்கித் தூக்கியது. கழுத்து சற்று உயர்ந்தது.

ஈரப் புகையிலை வாசனை நேராக அவர் முகத்துக்கு வந்தது. தோளில் ஒரு ஆள் பாரம் இறங்கியது. இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் ஏதோ சில்லென்று ஒட்டியது.

யானை மெதுவாகப் படுத்தது. பிள்ளைகள் சறுக்கி இறங்கி அவரிடம் ஓடிவந்தார்கள். கரோலினுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். ஏசுபாதம் எண்ணினார். நான்கு. மறுபடி எண்ணினார். நான்குதான்.

அன்று சாயங்காலமே ஸ்ரீநிவாஸ் பெங்களூர் போய்விட்டார். கோவிந்தன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. சபையார் புகார் கொடுத்து, காட்டு இலாகா ஆட்கள் வந்து யானையைக் கொண்டுபோனார்கள். முகாமுக்கு அனுப்ப வண்டி கிடைக்கிறவரை பூதிகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு புளியந்தோப்பில் கட்டியிருப்பதாகச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் ஏசுபாதத்தின் காதுக்குப் பின்னால் ஒரு புண் வந்தது. கண்ணாடிக் கம்பி அறுத்திருக்கும் என்று மரியகுழந்தை மருந்து போட்டாள். காலையில் அது மறுபடி ஈரமாக இருந்தது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் கொல்லைப்பக்கம் வந்தவள், அவர் இருட்டில் தனியாக இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பிறகு அவர் முட்டி போட்டார். எழுந்தார். மறுபடி போட்டார்.

"இன்னாங்க இது?" என்றாள். அழுகை வந்தது அவளுக்கு.

"எனக்குத் தெரியல மரியா. காலு என் பேச்சக் கேக்கல."

ஒன்பதாம் நாள் அவர் பூதிகோட்டை பஸ் ஏறினார். எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. தோளிலிருந்த பாரத்தை எங்கிருந்து வாங்கினாரோ அங்கேயே திருப்பி விட்டுவிட்டு வரவேண்டும். இன்னொரு விடியற்காலை அவரால் தாங்க முடியாது.

தோப்பில் யானை ராகித்தாளை உதறி உதறித் தின்றுகொண்டிருந்தது. நெற்றியில் துணி இல்லை. முதுகெல்லாம் அதுவே வாரிப் போட்டுக்கொண்ட செம்மண். காதுக்குப் பின்னால் புண் காய்ந்து, ஓரத்தில் புதுத்தோல் வெளிறித் தெரிந்தது.

"வந்ததுலருந்து நல்லாத் தின்னுதுங்க," என்றார் காவல்காரர். "சமத்து. மண்ண வாரிப் போட்டுக்கினு வெளையாடுது."

யானை திரும்பிப் பார்த்தது.

வாயிலிருந்த தாள் கீழே விழுந்தது. அதன் பின்னங்கால் வழியே மூத்திரம் ஒழுகி மண்ணை நனைத்தது. பிறகு, மெதுவாக, அது வலது முன்னங்காலை மடக்கித் தூக்கியது.

"அட, உங்கள ஏறச் சொல்லுதுங்க!" காவல்காரர் சிரித்தார்.

ஏசுபாதத்தின் தோளில் பாரம் முன்பக்கமாக நகர்ந்தது. எழுந்திருக்கத் தயாராவதைப் போல. ஒரு வார்த்தை சொன்னால் போதும். போ என்று சொல்லத்தான் அவர் வந்திருந்தார்.

தூக்கிய கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் தரை வழியாக அவர் பாதம் வரை வந்தது.

"உக்காரு," என்றார் ஏசுபாதம், வாய்க்குள்ளேயே. "இங்கயே உக்காரு."

தன் வலது காலைத் தானே பின்பக்கமாக மடக்கி, புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாரம் பின்னால் நகர்ந்து, சரியாக உட்கார்ந்தது. யானை காலைக் கீழே வைத்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டது.

காவல்காரரின் சிரிப்பு நின்றிருந்தது. "சார், உங்க காது..." என்றவர் மேலே சொல்லாமல் இரண்டடி பின்னால் போனார்.

பஸ் நிற்கும் இடம் வலப்பக்கம். ஏசுபாதம் அந்தப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார்.

நாக்கைச் சொடுக்கும் ஒலி கேட்டது.

வலது காதுக்குப் பின்னால், புண்ணின் மேலேயே, ஒரு கட்டைவிரல் அழுத்தியது. ஏசுபாதம் இடப்பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.