சுவிட்சுக்குக் கீழே ஒரு கை

வெள்ளையடித்து இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் சுவிட்சுக்குக் கீழே அந்தக் கை மறுபடி வந்துவிட்டது.

ஈரக்கறைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாடியில் தொட்டி கசிகிறது, சுவர் ஊறுகிறது, ஊறினால் கறை வரத்தான் செய்யும். ஆனால் கையுறைத் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கை அளவு பார்த்தே பிழைக்கிறவளுக்குக் கண் பொய் சொல்லுமா? இடது கை. பெண் கை. சுண்டுவிரல் நுனி மட்டும் உள்பக்கமாக வளைந்திருந்தது. எந்தக் கறைக்கு ஐயா சுண்டுவிரல் வளையும்?

மழை பிடித்துக்கொண்டால் அந்தச் சுவர் முனகும். காதை வைத்துக் கேட்க வேண்டும் என்றில்லை. ஃபேனை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றாலே போதும், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு வலி பொறுப்பது போல ஒரு சத்தம், ஊறிய சுண்ணாம்பு வாடையோடும் ஒயர் கருகும் வாடையோடும் சேர்ந்து அறை முழுக்க நிற்கும். தொட்டால் விரல் நுனியில் சுர்ரென்று இழுக்கும். போன மாதம் மகளைத் தூக்கியே அடித்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டு நாள் குழந்தையால் பென்சில் பிடிக்க முடியவில்லை.

"செருப்பு போட்டுக்கிட்டு சுவிட்ச் போடச் சொல்லும்மா. தொட்டதுக்கெல்லாம் குறை சொன்னா எப்படி?" என்று போனிலேயே முடித்துவிட்டார் வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர். மெயின் சுவிட்ச் இருக்கும் மீட்டர் அறையையும் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். "உங்ககிட்ட குடுத்தா ஆளாளுக்குக் கை வைப்பீங்க." ஒயர்மேனை அனுப்பச் சொன்னால் ஒவ்வொரு முறையும் பெயின்டரை அனுப்புவார். நாசமாய்ப் போகிற மனுஷன்! வேறு வீடு பார்க்கலாமென்றால், புருஷன் இல்லாதவளுக்கு வீடு கொடுக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

கடைசியாக வந்த பெயின்டர் பிரஷைக் கழுவக்கூட நிற்காமல் கிளம்பினார். வாசலில் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, பாப்பாவ இந்தச் சுவத்துப் பக்கம் விடாதீங்க. முன்னாடி குடியிருந்த அக்கா காலி பண்ணிட்டுப் போகல. தலைக்குக் குளிச்சிட்டு வந்து, இங்க கைய ஊனிக்கிட்டு லைட்டப் போட்டாங்க. அப்புறம் கைய எடுக்கவே முடியல. அடுத்த நாளே வந்து வெள்ளையடிச்சதும் நான்தான்."

அவள் உடனே வேலைக்கு லீவு போட்டுவிட்டு மின்வாரியத்தில் புகார் கொடுத்தாள். நாளைக் காலையில் வந்து பார்ப்பதாக அதிகாரி சொல்லியிருந்தார்.

அதனால்தான் இன்று சாயங்காலம், கொட்டுகிற மழையில், வீட்டுக்காரரே பெயின்ட் வாளியோடு வந்து நின்றார். பெயின்டர் எவ்வளவு கூப்பிட்டும் வரமாட்டேன் என்றுவிட்டாராம். சேறு அப்பிய செருப்பை வாசலிலேயே உதறினார்.

"செருப்பப் போட்டுக்கங்க," என்றாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"என் வீட்டுக்குள்ள எனக்கே சொல்றியா? என் மேலயே புகார் குடுக்குற அளவுக்கு வந்துட்ட!" தரையில் தேங்கிய ஈரத்தில் வெறுங்காலோடு நடந்தார். "எங்க ஷாக்கு? காட்டு பாப்போம்."

விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. முனகல் நின்றது.

மழை பெய்கையில் அது நின்றதே இல்லை. மகளை இழுத்துக் கட்டில்மேல் ஏற்றினாள்.

"வேண்டாங்க. தொடாதீங்க."

"நல்லாப் பாத்துக்கோ." உள்ளங்கையைக் கறைமேல் அழுத்தி வைத்தார். அவருடைய பெரிய கைக்குள் அந்தச் சின்னக் கை மறைந்துபோனது. ஒன்றும் ஆகவில்லை. சிரித்தார். "இதுக்குப் போயி ஊரக் கூட்டுற. நாளைக்கு அந்த ஆளு வந்தா..."

முடிக்கவில்லை.

பல் கிட்டியது. தோள் துள்ளியது. வாளி கவிழ்ந்து பெயின்ட் தரையெங்கும் ஓடியது. மீட்டர் அறை! பூட்டு. சாவி அவர் பையில். அவரைத் தொட்டால் தானும் போவாள். காய்ந்த மர ஸ்டூலைத் தூக்கி அவர் முழங்கையில் ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். அவர் உடம்பு வெடவெடத்தது. கை சுவரைவிட்டு வரவில்லை.

படாரென்று விளக்கு போனது. தெருவுக்கே கரண்ட் போயிருந்தது. ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. இனி விழுந்துவிடுவார் என்று நினைத்து ஸ்டூலைக் கீழே வைத்தாள்.

விழவில்லை.

முழங்கால் மடிந்து, தலை கவிழ்ந்து, சுவரில் ஒட்டிய அந்த ஒரு கையில் தொங்கிக்கொண்டிருந்தார். மூச்சில்லை.

"அம்மா," மகள் அவள் முந்தானையைப் பிடித்தாள். "அந்த அக்கா இன்னும் விடலம்மா."

அவர் மணிக்கட்டைச் சுற்றி ஈரம். விரல் விரலாக. கடைசி விரலின் நுனி உள்பக்கமாக வளைந்திருந்தது. அவள் பார்க்கப் பார்க்க, அது இன்னும் இறுகியது.