ஆர்லோ ஹெங்கலின் சாட்சி

ஆர்லோ ஹெங்கல் உதவி கேட்டு எவர் வீட்டுப் படியும் ஏறியவரல்ல. அன்று அடீலா க்ராஸின் சமையலறைக் கதவருகே நின்றபோதும் தொப்பியைக் கழற்றினாரே தவிர முதுகை வளைக்கவில்லை.

“உட்காருங்க ஆர்லோ,” என்றாள் அடீலா. ஷெரிப் அலுவலகத்தில் துப்பறிவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மடியில் கிண்ணம் வைத்துப் பீக்கான் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் வெஸ் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார். வழக்கு என்ற வாசனை பட்டாலே அவருக்கு முழங்கால் வலி போய்விடும்.

“நிக்கிறேன். என் மகன் திருடனான்னு எனக்குத் தெரியணும். திருடன்தான்னா, ஞாயித்துக்கிழமைக்கு மேல அவன் என் பண்ணையில இருக்க மாட்டான்.”

ஹெங்கல் குடும்பம் டெக்சஸ் மண்ணில் மூன்று தலைமுறையாகக் காட்டுப்பூ வளர்த்து விதை விற்பது. பாக்கெட்டின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உள்ளே இருக்கும். அந்தப் பெயருக்கு இப்போது கறை விழுந்திருந்தது.

சனிக்கிழமை பூப் பார்க்க ஊரே பண்ணைக்கு வந்திருந்தது. கொட்டகையில் மாதிரி ரயில் சங்கத்தார் தங்கள் குட்டி ரயிலை ஓட்டிக் காட்டினார்கள். ஆர்லோவின் மகன் கர்ட்டிஸும் அந்தச் சங்கத்தில் ஒருவன். நாற்பது வயதில் பொம்மை ரயிலா என்று ஆர்லோ அந்தக் கொட்டகைக்குள் கால் வைத்ததேயில்லை. ஓபல் என்ற முதியவள், மறைந்த தன் கணவர் கையால் செய்த பித்தளை எஞ்சினை ஒரு நாள் இரவலாகக் கொடுத்திருந்தாள். எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு ஓக் மரத்தடிக்குப் போகும்வரை அது ஓடியது. திரும்பி வந்து பார்த்தால் காணோம்.

“சாப்பாட்டு நேரத்துல கொட்டகைப் பக்கம் யாரைப் பார்த்தீங்க?”

“கர்ட்டிஸைத்தான். ஒரு பெட்டியோட வெளிய வந்தான். வாசல்ல ஸ்பைடர்வொர்ட் பூ நீலமா விரிஞ்சு நிக்குது, அதுமேலயே கால வைக்கப் போனான். ‘கண்ணு எங்கடா இருக்கு’ன்னு அதட்டினேன். கதவு வழியா உள்ள பார்த்தா சுவர்க் கடிகாரம் பன்னிரண்டரை காட்டுச்சு.”

“கைக்கடிகாரம் கட்டலியா?”

“மண்ணுல வேலை செய்றவன் கட்டுவானா? அன்னைக்கு வெயில் கொளுத்துது, கூட்டம் வேற. மூச்சு விட நேரமில்ல. சாயங்காலம் சங்கத் தலைவன் லைல் என்னைத் தனியாக் கூப்பிட்டு, ‘சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தீங்களா’ன்னு கேட்டான். பார்த்ததைச் சொன்னேன். அப்புறம் எல்லார் முன்னாடியும் ‘மகனை மதியம் பார்த்தேன்’னு சாட்சி சொன்னேன்.”

“கர்ட்டிஸ் என்ன சொல்றான்?”

“பெட்டியில விதைப் பாக்கெட்டாம். அதுவும் காலையிலயாம். அப்பன் வாயைத் திறந்து சொன்ன பிறகு அதை மறுக்கிறான்!”

அன்று பிற்பகலே மூவரும் பண்ணைக்குப் போனார்கள். சங்கத்தாரையும் ஓபலையும் அடீலா வரச் சொல்லியிருந்தாள். கொட்டகை வாசலில் வெஸ் குனிந்து பார்த்தார்.

“நீலம் எங்க ஆர்லோ? கீரைப் பாத்தி மாதிரியில்ல இருக்கு!”

“இந்த வெயில்லயா? காலையில வாங்க,” என்று பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டு ஆர்லோ முன்னால் நடந்தார். அடீலா அவரை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே பிளாஸ்டரில் செய்த பொம்மை மலையும் அதைச் சுற்றித் தண்டவாளமும். சுவரில் பெரிய கடிகாரம்.

“அடீலா! கடிகாரம் நின்னுபோச்சு! திருட்டு நடந்த நேரம் இதுதான்!”

“திருடன் கடிகாரத்தை எதுக்கு நிறுத்துறான் வெஸ்? கீழ சுவிட்ச் இருக்கு, போடுங்க.”

வெஸ் போட்டார். நிமிட முள், குளவி துரத்தினாற்போல் ஓடத் தொடங்கியது.

“இது ரயிலோட கடிகாரம்பா,” என்றான் கர்ட்டிஸ். “எங்க பொம்மை ஊர்களுக்கு நடுவுல பத்தடி தூரம்தான். அதுக்குத் தக்கபடி நேரத்தையும் வேகமா ஓட்டுவோம். காலையில ரயில் கிளப்பி நீங்க காப்பி குடிக்கிறதுக்குள்ள இதுல மதியம் ஆயிடும். நீங்க இதையா பார்த்தீங்க? என்கிட்ட யாருமே சொல்லலியே!”

“உங்க கண்ணு பொய் சொல்லல ஆர்லோ,” என்றாள் அடீலா. “கடிகாரம்தான் சொல்லுச்சு. பூ சரியாச் சொல்லுச்சு. கொளுத்துற வெயில்ல ஸ்பைடர்வொர்ட் மதியம் எப்படி இருக்கும்?”

ஆர்லோ வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் அந்தப் பூவோடு வாழ்ந்தவர். “சுருண்டுடும்,” என்றார். “விரிஞ்சு நின்னுதுன்னா... காலையிலதான்.”

“காலையில எஞ்சின் எல்லார் கண்ணு முன்னாடியும் ஓடிக்கிட்டு இருந்துச்சு.” அடீலா திரும்பினாள். “லைல், இந்தக் கடிகாரத்தை மாட்டினது நீங்கதானே? விவரம் தெரியாத மனுஷன்கிட்ட இதைத்தான் பார்த்தீங்களான்னு கேட்டிருக்கீங்க. அதையே சாட்சியாக்கி, மகன் காதுக்கு எட்டாமப் பார்த்துக்கிட்டீங்க. ஏன்?”

லைலின் முகம் வெளிறியது. பிளாஸ்டர் மலையை இரு கையாலும் தூக்கினான். அடியில் துண்டில் சுற்றியபடி எஞ்சின் இருந்தது. முன்சக்கரம் உடைந்திருந்தது.

“கை தவறிடுச்சு ஓபல். தலைவனே உடைச்சுட்டான்னு சொல்வாங்களேன்னு...”

“என் வீட்டுக்காரரே அதை எத்தனையோ தடவை கீழ போட்டிருக்கார்,” என்றாள் ஓபல். “வந்து சொல்லியிருந்தா காப்பி போட்டுக் குடுத்திருப்பேன். இப்ப என் வீட்டுப் பக்கம் வராதே.”

வெஸ், “நான் அப்பவே நினைச்சேன்,” என்று ஆரம்பித்து, மனைவியின் பார்வையைக் கண்டு இருமினார். சங்கத்தார் ஒவ்வொருவராக நகரத் தொடங்கினார்கள்.

“நில்லுங்க,” என்றார் ஆர்லோ. அவர் தொப்பி கையில் இருந்தது. “எல்லார் முன்னாடியும்தான் அன்னைக்குச் சொன்னேன். எல்லார் முன்னாடியுமே திருப்பி எடுத்துக்கிறேன். நான் சொன்ன சாட்சி தப்பு. என் மகன் சொன்னது நிஜம். அவன் பேச்சை நான் நம்பியிருக்கணும்.”

கர்ட்டிஸ் கைகளைக் கட்டிக்கொண்டு தந்தையைப் பார்த்தபடி நின்றான்.

“பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலப்பா.”

ஆர்லோ ஹெங்கல் முதுகை இன்னும் நிமிர்த்தி, அதையே உரக்க மறுபடியும் சொன்னார்.