நாற்பது தொட்டி... சீட்டு எங்கே?

"ஹசிந்தா...! போச்சுடி... எல்லாம் போச்சு!"

மொட்டை மாடியிலிருந்து வந்த அலறலில் ஹசிந்தாவின் கையிலிருந்த கரண்டி நழுவியது.

ஓடினாள்.

பூச்சி தின்னும் பசைச்செடிகளுக்கு நடுவே, தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார் அப்பா எவரார்டோ.

நாற்பது தொட்டி. ஒன்றில்கூடப் பெயர்ச் சீட்டைக் காணோம்!

"எவனோ பிடுங்கிட்டுப் போயிட்டான்டி! மழையில்லாத மாசம்... எல்லாம் சுருங்கி ஒரே மாதிரி பொத்தானா உட்கார்ந்திருக்கு. பதினோரு மணிக்குத் தாவரத் தோட்டத்து டாக்டரம்மா வர்றாங்க!"

டாக்டரம்மாவுக்கு வேண்டியது ஒரே ஒரு செடி. அது முளைத்த பாறை போன மழையில் சரிந்துவிட்டது. மிச்சம் இருப்பது வஹாகா ஊரில் இந்த மாடியில்தான். இந்த நாற்பதில் ஒன்று!

"தப்பான செடியைக் கொடுத்துட்டா, அந்த இனமே போச்சுடி!"

"அன்செல்மோவைக் கூப்பிடட்டுமாப்பா...?"

அப்பாவின் மீசை துடித்தது.

இரண்டு வருடம் முன்பு அந்தப் பாறையில் கயிறு கட்டித் தொங்கி, அந்தச் செடியை எடுத்து வந்தவன் அப்பாவின் சீடன் அன்செல்மோ. சீட்டில் தன் பெயரை மட்டும் எழுதிக்கொண்டவர் அப்பா. அன்று கோபித்துக்கொண்டு போனவன்தான்...

ஹசிந்தாவின் தூக்கமும் கூடவே போய்விட்டது.

"அந்தத் திமிர் பிடிச்சவனையா? ...சரி, கூப்பிட்டுத் தொலை!"

பதினைந்தே நிமிடம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே மாடியேறி வந்தான் அன்செல்மோ.

"வணக்கம் மாஸ்டர். இளைச்சுட்டீங்க."

"நீ கொழுத்துட்டே. வேலையைப் பாரு!"

மண்டியிட்டான். ஒவ்வொரு செடியிலும் காய்ந்து ஒட்டியிருந்த பழைய இலையை ஊசியால் புரட்டினான். முப்பத்தொன்றாவது தொட்டியில் கை நின்றது.

"இதுதான்! மத்ததுக்கெல்லாம் இலைக்கு மேல மட்டும்தான் பசை. இதுக்கு அடியிலயும் உண்டு. பாருங்க... மூணு கொசு ஒட்டியிருக்கு!"

"ம்... கண்ணு இருக்கு உனக்கு. ஹசிந்தா, பையனுக்கு ஒரு தமாலே கொடு."

அன்று கண்டலேரியா திருநாள். சோள மட்டையில் கட்டி வேகவைத்த தமாலே ஒரு கூடை நிறைய இருந்தது.

கூடையைப் பார்த்தவளுக்குத் திக்கென்றது!

எல்லாம் ஒரே மாதிரி மட்டை... ஒரே மாதிரி முடிச்சு... அய்யோ, அது எது?

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

அன்செல்மோ முடிச்சை அவிழ்த்தான்.

உள்ளே மாவும் இல்லை, கறியும் இல்லை.

நாற்பது பிளாஸ்டிக் சீட்டுகள்!

"அப்பா... நான்தான் எடுத்தேன். இவரா வரமாட்டார்... நீங்களாக் கூப்பிட மாட்டீங்க... வேற என்ன பண்றது?"

அப்பா முப்பத்தொன்றாவது தொட்டியை மெல்லத் தூக்கி, அதன் அடியைக் காட்டினார்.

பெயிண்டில் கொட்டை எழுத்து. வெயிலில் வெளுத்திருந்தது.

'அன்செல்மோ.'

"மாஸ்டர்... இது..."

"நீ போன மறுநாளே எழுதினது."

"அப்பா! அப்போ எந்தச் செடின்னு உங்களுக்கு முதல்லயே தெரியுமா? பின்னே எதுக்கு அந்த அலறல்?"

"நான் அலறாம இருந்திருந்தா, இவனை எந்தச் சாக்குல கூப்பிட்டிருப்பே?"

எவரார்டோ மீசையைத் தடவிக்கொண்டே, கூடையிலிருந்து நிஜத் தமாலே ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"நாற்பது பசைச்செடி வளர்க்கிறவனுக்குப் பூச்சி பிடிக்கவா தெரியாது? சாப்பிடுங்க, மாப்பிள்ளை!"