தையல்காரரின் இடுப்பளவு

அந்தத் தெருவின் தையல்காரர் நூல் மாதிரி ஒல்லி. அவர் மனைவி நல்ல பருமன். தெருவுக்கு அதைப் பேசியே பாதிப் பொழுது போய்விடும்.

போன மாதம் துணி வெட்டிக்கொண்டிருந்தபோதே தையல்காரர் சாய்ந்தார். இரத்த அழுத்தம் எகிறிப் பக்கவாதமாம். உயிர் பிழைத்தது. வலது கைதான் எழவில்லை.

தெரு சும்மா இருக்குமா?

“வரவேண்டியது அவளுக்கு. பாவம், மனுஷன் மாட்டிக்கிட்டாரு!” என்றாள் இஸ்திரிக்காரி.

“எண்ணெயைக் கொட்டிக் கொட்டிச் சமைச்சிருப்பா” என்றாள் பால்காரி.

அது தையல்காரர் மனைவியின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து, “நான் அப்பவே சாப்பிட்டேன்” என்று சொல்லத் தொடங்கினாள்.

எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அவர்களின் பத்து வயது மகளுக்குத் துருவி என்று பெயர். கழுவ வந்த தட்டுகளை அவள் எண்ணினாள். வீட்டில் மூன்று பேர்; தட்டு வேளைக்கு இரண்டுதான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு அழுத்தம் பார்த்ததும், “அம்மாவுக்கும் பாருங்க டாக்டர்” என்று பிடிவாதம் பிடித்தாள்.

அம்மாவுக்குச் சரியாகவே இருந்தது.

“ஒல்லியா இருக்கிற அப்பாவுக்கு எப்படி வந்துச்சு? அம்மா சமையலாலயா?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“கொழுப்பு ஒரே ரகம் இல்லம்மா” என்றார் டாக்டர். “தோலுக்கு அடியில இருக்கிறது வெளியே தெரியும். வயித்துக்குள்ள குடலைச் சுத்திச் சேர்றது சட்டுன்னு தெரியாது. ஆனா அதுதான் இரத்தக்குழாயை அதிகமா இறுக வைக்கும். உடம்பைச் சூடா வைக்கிற பழுப்புக் கொழுப்புன்னு ஒண்ணு இருக்கு. அது குழாய்க்கு நல்லது. ஆனா அந்த வயித்துக் கொழுப்பு, ஒல்லியா இருந்தாலும் உள்ளே சேரலாம். அழுத்தம் ஏற இன்னும் பல காரணம் இருக்கு. இதை ஒருத்தர் தலையில கட்ட முடியாது.”

அப்பாவின் வாய் கோணியது. பேச்சு மெல்ல வந்தது.

“மூணு தடவை... என் பேண்ட் இடுப்பை... நானே பிரிச்சுப் பெருசாக்கினேன். கை கால் குச்சியாத்தானே இருக்குன்னு... டாக்டர்கிட்ட வரல.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!” அம்மாவின் குரல் உடைந்தது.

“ஊரார் இடுப்பெல்லாம் அளந்தவன்... இதை எப்படிச் சொல்ல?”

துருவி வெளியே ஓடி ஒரு பன் வாங்கி வந்தாள். பிய்த்து அம்மாவின் வாயருகே நீட்டினாள்.

“எனக்குப் பசிக்கல.”

“பொய் சொல்லாதம்மா. நீயும் விழுந்துட்டா நான் யாரைப் பார்ப்பேன்?”

அப்பா இடது கையால் அம்மாவின் தோளைத் தொட்டார்.

அம்மா வாயைத் திறந்தாள். அழுதுகொண்டேதான் மென்றாள். கடைசித் துண்டுவரை துருவி நகரவே இல்லை.