தையலுக்கு விட்ட ஓரம்

சட்டை மாட்டும் ஆணியைக் காணோம். பிடுங்கியிருந்தால் ஓட்டையாவது இருக்க வேண்டும். தையல்காரி சுவரைத் தடவிப் பார்த்தாள், வழவழவென்று இருந்தது. கணவனின் சட்டைகளும் இல்லை, அவன் வியர்வையும் தலைக்கு வைக்கும் எண்ணெயும் கலந்து அந்த மூலையிலேயே குடியிருந்த வாடையும் இல்லை. பதிலுக்குப் புதுப் பெயின்ட் வாசனை வந்தது. அந்த வீடு பெயின்ட்டைப் பார்த்துப் பல வருஷமாகிறது.

எதிர்ச் சுவரில் கனவுப் பலகை தொங்கியது. பெண்களுக்கான பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த வித்தை: வேண்டியதை மட்டும் படமாக ஒட்டு, தினமும் பார், வந்து சேரும். வகுப்பு முடிந்த அன்றே அவளும் பத்திரிகைகளை வெட்டி, கண்ணாடிக் கதவு போட்ட கடை, மோட்டார் மிஷின், துணி உடுத்திய ஆளுயரப் பொம்மை என்று ஒட்டினாள். நடுவில் குடும்பப் போட்டோவிலிருந்து வெட்டிய தன் முகம்.

"சுவத்துல ஒட்டினா கடை வந்துருமா?" என்று கணவன் கிண்டலடித்தான்.

"வரும். அப்புறம் கல்லாவுல உக்கார எடம் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க."

மகள்தான் பலகையை உற்றுப் பார்த்துக் கேட்டாள். "அம்மா, நான் எங்கே?"

"நீதான் பக்கத்துலயே இருக்கியே. உன்னை எதுக்கு ஒட்டணும்?"

மிஷின் வந்தது. முன்னறைக்குக் கண்ணாடிக் கதவும் வந்தது. அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இப்போது பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். "அக்கா, எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா?"

அந்த அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "யாரும்மா அது? நீயும் உம் பொண்ணும் மட்டுந்தானே இருக்கீங்க?"

வீட்டுக்குத் திரும்பி ஓடினாள். சாயங்கால மழை கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளறையில் மகள் சத்தம் போட்டுப் பாடம் படிப்பது கேட்டதும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அந்தக் குரல் வரிக்கு வரி மெலிந்து, அடுத்த தெருவிலிருந்து வருவதுபோல் ஆகி, மழைச் சத்தத்துக்குள் கரைந்துகொண்டே போனது.

பாய்ந்தாள்.

கட்டில் இல்லை. புத்தகப்பை இல்லை. கட்டில் கிடந்த இடத்தில் ஆளுயரப் பொம்மை. பெயின்ட் வாசனை.

பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. பலகையிலிருந்த படங்களைப் பிராண்டினாள். ஒன்றும் வரவில்லை. நகம்தான் பிய்ந்தது. ஒட்டிய முகம் சிரித்தபடியே இருந்தது.

"உன் பாச்சா எங்கிட்டப் பலிக்காதுடி," என்று தன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "ஒட்டினாத்தான் இருப்பாங்கன்னா, ஒட்டறேன்."

குடும்பப் போட்டோவை எடுத்தாள். அவள் முகம் இருந்த இடத்தில் ஓட்டை. கணவன் நின்ற இடம் வெளுத்துவிட்டது. மகளின் தோளில் அவன் வைத்த கை மட்டும் மிச்சம். மகளின் முகமும் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

கத்தரி பாய்ந்தது. துணியோ காகிதமோ, தையலுக்கு ஓரம் விடாமல் வெட்டத் தெரியாத கை அது. மகளைச் சுற்றி விரற்கடை ஓரம் விட்டு வெட்டினாள். பசை தடவினாள். தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள்.

மழை நின்றது.

எண்ணெய் வாடை வந்தது. தெரிந்த வாடை.

"அம்மா."

வாசற்படியில் மகள். போட்டோவில் போட்டிருந்த அதே கவுன். அதே சிரிப்பு. இமைக்கவில்லை.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். வந்துவிட்டாள், அது போதும். தோளைத் தடவினாள். கையில் ஏதோ தட்டுப்பட்டது. சில்லென்று.

பார்த்தாள்.

மகளின் தோளில் கணவனின் நான்கு விரல்கள். மோதிரத்தோடு. கத்தரி போன இடத்தில் நேராக அறுபட்டவை.

மோதிரத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவருடையதுதான்.

"இருங்க," என்றாள். "உங்க மிச்சத்தையும் கொண்டு வந்துடறேன்."

விரல்கள் மெல்ல மடங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டன. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.