தொடைக்குள் ஒரு கம்பி

வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்கு எதுவும் எரியவில்லை. படுக்கையறையிலிருந்து துணி உரசும் சத்தம் மட்டும் சரக், சரக் என்று ஒரே சீராக, அலுக்காமல் வந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தான். சாயங்கால வெளிச்சம் ஜன்னல் திரையில் அழுக்காகத் தேங்கியிருக்க, மனைவி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வைக்கு அடியில் அவளுடைய வலது கால் மட்டும் மெல்ல மடங்கி, மெல்ல நீண்டது.

கனவில் நடக்கிறாள் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டான். லாரி மோதித் தொடை எலும்பு நொறுங்கி மாதக்கணக்கில் கிடந்தவள் ஆயிற்றே. எலும்புக்குள் உலோகக் கம்பி வைத்த பிறகுதான் எழுந்து நின்றாள். அது அவன் வேலை பார்க்கும் ஆலையில் செய்த கம்பி. உலோகப் பொடியைப் பரப்பி, லேசரால் உருக்கி, அடுக்கு மேல் அடுக்காக அச்சடித்தது. பார்ப்பவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் அந்தப் பீற்றல் அடங்கியது. அப்படிப்பட்ட கம்பிகளை எந்திரத்தில் மாட்டி, ஒடியும்வரை வளைத்து வளைத்து நிமிர்த்துவதுதான் அவன் வேலை. ஒரே பாரத்தில் உலோகம் ஒடியாது. பாரம் ஏறி இறங்கி, ஏறி இறங்கித்தான் களைத்துப்போகும். மனைவிக்கு வைத்த கம்பியோடு சேர்த்து அச்சடித்த மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, தாங்கவேண்டிய அளவில் பாதிகூடத் தாங்காமல் ஒடிந்தன. ஒடிந்த இடத்தை நுண்ணோக்கியில் பார்த்தான். உள்ளே குழிகள். குழிக்குள் உருகாத பொடி, மணல்போல் அப்படியே.

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டார். சோதனை முடியும் முன்பே கம்பிகளை மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னவர் அவர்தான்.

"உங்க வீட்டம்மாவுக்கு வலி இருக்கா?"

இல்லை என்றான்.

"அப்புறம் என்ன? சும்மா கிளறாதீங்க."

மருத்துவமனைக்குப் போன் செய்தான். டாக்டர் வெளியூர் போயிருக்கிறார், வரும்வரை காலில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை. மறுபடியும் வெட்டி எடுப்பார்களா என்று மட்டும் கேட்டாள். டாக்டர் வந்து பார்த்துத்தான் சொல்வார் என்றான்.

"நடந்தாத்தானே ஒடியும்? நடக்கல. போதுமா?" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் படுத்து, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஈரச் சிமெண்டு வாசனையோடு இருட்டு கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் ஏறி, அலமாரியை மூடி, அவள் பாதத்தைத் தொட்டபோது, போர்வை அசைந்தது.

மடங்கியது. நீண்டது.

வேகம் கூடியிருந்தது. அந்தத் தாளம் அவனுக்குத் தெரியும். நாள் முழுக்கச் சோதனைக்கூடத்தில், கம்பியை வளைக்கும் எந்திரத்தில் கேட்பது.

"காலை ஆட்டாதே" என்றான்.

அவள் மெதுவாக முகத்தைத் திருப்பினாள். கண் விழித்தேதான் இருந்தது.

"நான் ஆட்டலைங்க."

முழங்காலைப் பிடித்தான். நிற்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினான். தோல் சில்லென்றிருந்தது. உள்ளே, சதைக்கு அடியில், ஏதோ நறநறவென்று அரைபட்டது.

முழு உடம்பையும் அதன்மேல் போட்டான்.

அவள் கட்டில் சட்டத்தை இறுகப் பற்றிக்கொண்டு கூரையையே பார்த்தாள். கால் அவனையும் சேர்த்துத் தூக்கியது. இறக்கியது. தூக்கியது.