கரையேறிய புள்ளி

கடலில் மிதக்க வேண்டிய புள்ளிகளில் ஒன்று மட்டும் கரையேறியிருந்தது.

பத்மஸ்ரீ கணினித் திரைக்கு அருகில் குனிந்தாள். தருவைகுளத்திலிருந்து வள்ளத்தில் தனியாகப் போன மீனவன் ரெக்சனை முந்தாநாளிலிருந்து காணவில்லை. கடலில் விழுந்த மனிதனை நீரோட்டமும் காற்றும் எங்கே இழுத்துப்போகும் என்று கணக்கிடும் சாப்ட்வேரை, ஆய்வு மையத்தின் பெரிய கணினியில் அவள் அன்று காலைதான் நிறுவியிருந்தாள். காணாமல்போன இடத்தில் ஆயிரம் புள்ளிகளை மிதக்கவிட்டால், அவை போகும் திசைதான் தேடும் படகுகளுக்கு வழி. பெரும்பாலானவை மணப்பாட்டுக்கு எதிரே குவிந்தன. தேடும் படகொன்றிலிருந்த சக ஆய்வாளர் சிவபாலனுக்கு அதைச் சொல்லிவிட்டாள்.

கரையைத் தொட்ட புள்ளி அங்கேயே நின்றுவிட வேண்டும். இது நிற்கவில்லை. உப்பளங்களைத் தாண்டித் துறைமுகச் சாலைக்கு வந்திருந்தது.

சாப்ட்வேருக்குத் துணையான ஏதோ நிரல் லைப்ரரி பொருந்தவில்லை போலும். பழைய பதிப்பை ஏற்றி, எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்து, கணக்கை ஓடவிட்டுக் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கட்டடத்தில் வேறு யாருமில்லை. சன்னலில்லாத அந்த அறையில் அடுக்கடுக்காக நின்ற இயந்திரங்களின் விசிறிகள் ஓயாமல் இரைய, உயர்த்திப் போட்ட தரைப் பலகைகளின் துளைகள் வழியே குளிர்காற்று மேலேறிப் பாதங்களை விறைக்கவைத்தது. அந்தக் காற்றில் வழக்கமான சூடேறிய பிளாஸ்டிக் வாடைக்கு அடியில், வெகுநாள் நீரில் ஊறிய கயிற்றின் வாடை மெல்லக் கலந்திருந்தது.

முடிவு வந்தது. மற்றவை கடலில்தான். அது மட்டும் மையத்தின் வாசலில்.

செல்போன் அடித்தது. சிவபாலன்.

"மேடம், நீங்க சொன்ன எடத்துலயே கெடச்சுட்டான். உசுரு இருக்கு."

அவளுக்குக் கண் நிறைந்தது. "பேசுறானா சார்?"

"பேசுதான். அதுதான் ஒண்ணும் வெளங்கல." அவர் குரல் தாழ்ந்தது. "கவுந்த வள்ளத்த இன்னொருத்தனும் புடிச்சிக்கிட்டு வந்தான்ங்கான். போனது இவன் ஒருத்தன்தான, மேடம்."

"அந்த ஆள் எங்கயாம்?"

"நம்மளத் தேடுதது யாருன்னு கேட்டானாம். தெரியாதுன்னு இவன் சொல்லியிருக்கான். அப்ப நானே போய்ப் பாத்துக்கிடுதேன்னு கைய விட்டுட்டு, கரைப் பக்கமா போயிட்டானாம்."

இணைப்பு அறுந்தது.

வாசல் பக்கம் போகக் கால் வரவில்லை. கதவுக்கு வெளியே காலடி கேட்கிறதா என்று கவனித்தாள். இல்லை. திரையைப் பார்த்தாள். முடிந்துபோன கணக்கு, எதுவும் இனி அசையக் கூடாது.

புள்ளி வாசலில் இல்லை.

கீழிருந்து வந்த காற்று நின்றது.

தரைக்கடியில் சளக்கென்று ஒரு சத்தம். சற்றுத் தள்ளி. பிறகு பக்கத்தில்.

பிறகு நேர் கீழே.

எதிரிலிருந்த பலகையின் துளைகளில் நீர் கொப்பளித்தது. பலகை ஒரு பக்கமாக உயர்ந்தது. விளிம்பில் நான்கு விரல்கள். வெளுத்து, சுருங்கி, நகமில்லாமல். அவசரமே இல்லாமல் அவை தரையைத் தடவித் தடவி, அவள் பாதத்தின் பக்கம் வந்துகொண்டிருந்தன.